இரண்டாவது நேம்சர்வர் ஸ்டெப்னி இல்லை

ஏற்காட்டுக்கு மேலே போக இரண்டு ரோடு உண்டு, சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்தில் ஆரம்பித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவது ஒன்று. குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது இன்னொன்று. மழைக்காலத்தில் அடிவாரப் பாதையில் மண் சரிந்து பாறை உருண்டு கிடந்தால் வண்டியைக் குப்பனூர் பக்கம் திருப்பி விடுவார்கள். இப்போது சும்மா ஒரு பேச்சுக்கு, இந்த இரண்டு ரோடும் அடிவாரத்தில் ஒரே இடத்திலிருந்து பிரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இரண்டு ரோடு இருக்கும், ஆனால் அந்த இடத்தில் ஒரு மரம் விழுந்தால் மேலே போக வழியே கிடையாது. சின்ன அளவில் ஹோஸ்டிங், அதாவது மற்றவர்களின் வெப்சைட்டைத் தங்கள் சர்வரில் வைத்துக் கொடுக்கும் தொழில், நடத்துகிற நம் ஆட்கள் நிறையப் பேர் வைத்திருக்கிற இரண்டு நேம்சர்வரும் (ஒரு டொமைனின் வெப்சைட், மெயில் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று வழி சொல்கிற சர்வர்கள், என்எஸ்1, என்எஸ்2 என்று பெயர் வைப்போம்) இந்தக் கதைதான். நானும் ஐந்து வருடம் அப்படித்தான் நடத்தினேன், அதனால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஒரே சர்வர். அதற்கு இரண்டு ஐபி, அதாவது இணைய முகவரி எண், வாங்கி, ஒன்றுக்கு என்எஸ்1 என்றும் மற்றதற்கு என்எஸ்2 என்றும் பெயர் வைத்துவிட்டால் டொமைனைப் பதிந்து தருகிற ரெஜிஸ்ட்ரார் ஒத்துக்கொள்கிறார், ஃபாரத்தில் இரண்டு கட்டமும் நிரம்பிவிடுகிறது, வேலை முடிந்தது. அந்தக் கட்டங்கள் ஏன் இரண்டாக இருக்கின்றன என்று யாரும் யோசிப்பதில்லை. டொமைன் பெயர்களுக்கு வழி சொல்கிற இந்த டிஎன்எஸ் ஏற்பாட்டை 1983-ல் வடிவமைத்த பால் மொக்கபெட்ரிஸ் 1987-ல் எழுதிய ஆர்எஃப்சி 1034 என்ற இணைய விதி ஆவணத்திலேயே, ஒவ்வொரு ஜோனும் (ஒரு டொமைனின் டிஎன்எஸ் தகவல் தொகுப்பு) குறைந்தது இரண்டு சர்வரிலாவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சர்வர் என்றுதான் எழுதினார், ஐபி என்று எழுதவில்லை. பத்து வருடம் கழித்து 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2182 இதை மட்டுமே பேசுகிறது: எல்லா நேம்சர்வரையும் ஒரே இடத்தில் வைப்பது சுலபம்தான், பராமரிக்கவும் வசதிதான், ஆனால் ஒரு லைன் அறுந்தால், ஒரு கட்டிடத்தில் கரண்ட் போனால், ஏன் ஒரு ரூமில் கரண்ட் போனால்கூட எல்லாம் சேர்ந்து போய்விடும், ஆகவே வேறு வேறு ஊரில், வேறு வேறு நெட்வொர்க்கில் வையுங்கள் என்கிறது. ஊர் வேறாக இருந்தால் மட்டும் போதாது, நெட்வொர்க்கும் வேறாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

எனக்கு இது புரிந்தது ஒரு மே மாதச் சனிக்கிழமை. மேலே கோடை விழா, ஏற்காட்டில் ரூம் கிடைக்காத வாரம். சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு மாடி ரூமில் உட்கார்ந்துதான் நூற்றுச் சொச்சம் டொமைன்களை மேய்த்துக்கொண்டிருந்தேன்: ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்கள், செவ்வாய்ப்பேட்டை கொலுசு வியாபாரிகள், இரண்டு ஜவ்வரிசி மில், ஒரு கல்யாண மண்டபம். காலை பத்தரைக்கு எங்கள் சர்வர் இருந்த டேட்டா சென்டரில் ஏதோ பவர் கோளாறு, விழுந்த சர்வர் மதியம் இரண்டு வரை எழுந்திருக்கவில்லை. வெப்சைட் போச்சு என்று போன் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. ஆனால் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் கேட்டது வேறு.

“தம்பி, வெப்சைட் போனா போகுதுங்க, போன்ல புக்கிங் எடுத்துக்கறேன். மெயில் ஏன் வரலைங்க? மெயில் கூகுள்ல இருக்குது, உங்க சர்வர்ல இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன், அது உண்மையும்கூட. கூகுள் அன்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ‘இவருடைய மெயிலைக் கூகுளுக்கு அனுப்பு’ என்று எழுதி வைத்த எம்எக்ஸ் ரெக்கார்டு இருந்தது எங்கள் நேம்சர்வரில், அதுவோ சர்வரோடு சேர்ந்து படுத்துக் கிடந்தது. வழி சொல்கிற ஆள் மயங்கி விழுந்தால், கடை திறந்திருந்து என்ன பிரயோஜனம்.

சாயங்காலத்துக்குள் மெயில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, அது டிஎன்எஸ்ஸில் கொஞ்சம் மன்னிக்கிற பகுதி. நேம்சர்வர் பதிலே சொல்லவில்லை என்றால் அனுப்புகிற மெயில் சர்வர் அதைத் தற்காலிகக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மெயிலைக் க்யூவில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும், நான்கைந்து நாள் வரை விடாது. அன்று தாமதமாக வந்த மெயில்களில் ஒன்று, நாளைக்கு இரண்டு ரூம் இருக்குமா என்று கேட்டது. பதில் போட்டபோது கேட்டவர் ஊட்டி போய்ச் சேர்ந்திருந்தார்.

இது சின்னவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்க வேண்டாம். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் தளங்கள் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வராமல் போயின. காரணம் ஒரு ரவுட்டரில் செய்த கான்ஃபிகரேஷன் மாற்றம், அவர்களுடைய நான்கு நேம்சர்வரும் அந்த ஒரே நெட்வொர்க்குக்குள் இருந்தன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போல நின்றது நினைவிருக்கும். அங்கேயும் நேம்சர்வர் நான்கு, உலகம் முழுக்கப் பரவி இருந்தவை. ஆனால் உள் நெட்வொர்க் அறுந்ததும், டேட்டா சென்டரை எட்ட முடியவில்லையே, எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று ஒவ்வொன்றும் தன் வழியை இணையத்திலிருந்து தானே விலக்கிக்கொண்டது. தலை நான்கு, தலையெழுத்து ஒன்று. 2016 அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனி மீது மிராய் பாட்நெட் (வைரஸால் கைப்பற்றப்பட்ட கருவிகளின் கூட்டம்) தாக்குதல் நடந்தபோது ட்விட்டர், ரெடிட், ஸ்பாட்டிஃபை எல்லாம் தடுமாறின. டைன் சின்னக் கம்பெனி இல்லை, இடம் இடமாகச் சர்வர் வைத்திருந்தவர்கள்தான், ஆனால் அங்கே கம்பெனியே ஒன்றாகிவிட்டது.

சரி, இரண்டு இடத்தில் வைத்துவிட்டோம், முடிந்ததா என்றால், உண்மையான தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

நம் ஆட்கள் என்எஸ்2-ஐ ‘பேக்கப்’ என்பார்கள். அந்த வார்த்தையே கெடுக்கிறது. டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னி மாதிரி, என்எஸ்1 பஞ்சரானால்தான் என்எஸ்2-ஐ எடுப்பார்கள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. நிஜத்தில் இது லீ பஜார் மொத்தக் கடையில் இரண்டு கவுண்டர் இருக்கிற மாதிரி. வருகிறவர் எது காலியோ, எது பக்கமோ அங்கே போய் நிற்பார். ரிசால்வர்கள், அதாவது ஜியோ, ஏர்டெல், கூகுள் போன்றவர்கள் நமக்காக டிஎன்எஸ் கேட்டு வாங்குகிற சர்வர்கள், நேம்சர்வர் பட்டியலில் முதல் இரண்டாம் என்று வரிசை பார்ப்பதில்லை. பலவும் எது சீக்கிரம் பதில் தருகிறது என்று அளந்து வைத்துக்கொண்டு அதை அதிகம் கேட்கும், இடையிடையே மற்றதையும் தட்டிப் பார்க்கும். பிரைமரி (நாம் திருத்தம் செய்கிற மூலம்), செகண்டரி (அதன் நகல்) என்பதெல்லாம் நம் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு, வாசலுக்கு வெளியே அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

இந்தக் கவுண்டர் கணக்கைப் பிடித்துக்கொண்டால் ஒரு விஷயம் விளங்கும். ஒரு கவுண்டரை மூடினால் ஜனங்கள் அடுத்ததற்குப் போய்விடுவார்கள், பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இரண்டாவது கவுண்டரில் போன மாத விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு ஆள் தெம்பாக உட்கார்ந்திருந்தால்? வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தப்பான விலை, அவர்களும் அடுத்த கவுண்டரில் சரிபார்க்க மாட்டார்கள், அவர்களுக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே. நேம்சர்வர் செத்துப்போனால் ரிசால்வர் அடுத்ததைக் கேட்கும். நேம்சர்வர் பழைய தகவலை உறுதியாகச் சொன்னால் ரிசால்வர் நம்பிவிடும். ஊமையாகிற சர்வரைவிடப் பொய் சொல்கிற சர்வர் ஆபத்து, இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு நடந்ததும் அதேதான். அந்த மே மாதத்துக்குப் பிறகு என்எஸ்2-ஐ வேறு கம்பெனியில், மும்பையில் ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்குக் கிடைக்கிற மெய்நிகர் சர்வர்) வைத்தேன். அதே ஹோம்ஸ்டேக்காரர் ‘புக்கிங்’ என்று ஒரு துணை டொமைன் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். எனக்கு வருகிறது. அவருக்கு வரவில்லை. அவர் மகளுக்குப் பெங்களூரில் வருகிறது, மருமகனுக்கு அதே வீட்டில் வேறு போனில் வரவில்லை. கேஷைத் துடைத்துப் பாருங்க, மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்று இரண்டு நாள் அவரைப் பாடுபடுத்தினேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் நேம்சர்வரை நேரடியாகக் கேள்வி கேட்கிற டிக் கமாண்டை எடுத்து இரண்டு நேம்சர்வரிடமும் தனித்தனியாக அந்த டொமைனின் எஸ்ஓஏ ரெக்கார்டை, அதாவது ஜோனின் பதிப்பு எண் இருக்கிற தலைப்புச் சீட்டை, கேட்டேன். என்எஸ்1 சொன்ன சீரியல் நம்பரின் கடைசி ஆறு இலக்கம் (மாதம், தேதி, அன்றைய திருத்த எண்) 061403, என்எஸ்2 சொன்னது 060901. ஜூன் 14-க்கும் ஜூன் 9-க்கும் நடுவில் ஐந்து நாள் மாற்றம் எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை.

காரணம் அற்பமானது. டிஎன்எஸ் போய் வர யுடிபி, டிசிபி என்று இரண்டு முறை உண்டு, இரண்டிலும் வாசல் எண் 53. சாதாரணக் கேள்விகள் பெரும்பாலும் யுடிபி 53-ல் வரும், ஆனால் ஒரு நேம்சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஜோன் முழுவதையும் நகல் எடுப்பது டிசிபி 53-ல் நடக்கும். நகல் எடுத்துக் கொடுக்கிற பக்கத்தில் ஃபயர்வால் விதிகளைப் புதிதாக எழுதும்போது யுடிபியை மட்டும் திறந்திருந்தேன். அதனால் இரண்டு சர்வரும் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தன, வெளியிலிருந்து சோதித்தால் இரண்டும் பச்சை, நகல் மட்டும் நின்றுபோயிருந்தது. அப்படியே விட்டிருந்தால் இன்னும் ஒரு வாரத்தில் வேறு நாடகம் நடந்திருக்கும்: எஸ்ஓஏ-வில் எக்ஸ்பயர் என்று ஒரு எண் உண்டு, பல இடங்களில் 1209600 விநாடி என்று வைப்பார்கள், அதாவது 14 நாள். அத்தனை நாள் பிரைமரியிடமிருந்து நகலைப் புதுப்பிக்க முடியாவிட்டால் செகண்டரி தன்னிடம் இருப்பதை இனி நம்ப முடியாது என்று பதில் சொல்வதையே நிறுத்திவிடும். நியாயமான ஏற்பாடுதான், பொய் சொல்வதைவிட வாயை மூடுவது மேல் என்று அதை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சீரியல் நம்பர் பற்றி ஒரு வார்த்தை. செகண்டரி உள்ளே என்ன மாறியது என்று பார்க்காது, எண் தன்னுடையதைவிடப் பெரிதா என்று மட்டும் பார்க்கும். கையால் ஜோன் ஃபைலைத் திருத்திவிட்டு எண்ணை ஏற்ற மறந்தால் மாற்றம் போகாது. வருடத்தை 2024 என்று அடிப்பதற்குப் பதில் 2042 என்று அடித்துவிட்டால் அதைவிட மோசம், அப்புறம் நீங்கள் சரியான தேதி போட்டாலும் செகண்டரி, என்னிடம் இருப்பதுதானே புதுசு என்று சும்மா இருக்கும். செகண்டரியில் அந்த நகலை அழித்துவிட்டு மறுபடி இழுக்க வைப்பது சுலபமான வைத்தியம். நகல் பரிமாற்றத்துக்கு டிசிக் சாவி, அதாவது இரண்டு சர்வருக்கும் பொதுவான ரகசியக் கையெழுத்துச் சாவி, போட்டிருந்தால் (போடுங்கள், எந்தத் தடையும் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் உங்கள் ஜோன் முழுவதையும் இறக்கிப் பார்ப்பார்கள்) இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், பொதுவாக 300 விநாடிக்கு மேல் விலகினால் கையெழுத்து செல்லாது. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தியதற்காக ஒரு ராத்திரி முழுக்க சாவியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவர் என் நண்பர் ஒருவர்.

ஒரு சர்வர் வைத்திருப்பவருக்கு இவ்வளவு போதும். இரண்டு மூன்று ஹோஸ்டிங் சர்வர் ஆனதும் வேறு கேள்வி வருகிறது. முதலில் நான் செய்தது ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஜோடி: என்எஸ்1-2, என்எஸ்3-4, என்எஸ்5-6. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு வாடிக்கையாளரை முதல் சர்வரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றினால் அவர் ரெஜிஸ்ட்ராரில் போய் நேம்சர்வரை மாற்ற வேண்டும், அவருக்கோ அந்த லாகின் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே டிஎன்எஸ்ஸை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்தெடுப்பதுதான் வழி. டிஎன்எஸ் மட்டும் ஓடுகிற இரண்டு மூன்று சின்ன விபிஎஸ், எல்லா ஹோஸ்டிங் சர்வரும் தங்கள் ஜோன்களை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும், உலகம் அந்த விபிஎஸ்களை மட்டும்தான் கேட்கும். ஹோஸ்டிங் சர்வர் பின்னால் மறைந்துகொள்கிறது. நூறு இருநூறு டொமைனுக்குப் பெரிய மெஷினும் வேண்டாம்.

கொண்டுபோய்க் கொடுப்பதில் இரண்டு பாணி. பழைய பாணியில் பிரைமரி ‘மாறிவிட்டது’ என்று நோட்டிஃபை அனுப்பும், செகண்டரி வந்து இழுத்துக்கொள்ளும். பைண்ட், என்எஸ்டி, பவர்டிஎன்எஸ் என்ற நேம்சர்வர் மென்பொருள்கள் எல்லாம் இதைப் பேசும், ஒன்றோடொன்று கலந்தும் வைக்கலாம். இதில் புதியவர்கள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது: இப்படி நகலாவது ஜோனுக்குள் இருப்பது மட்டும்தான், ஜோன்களின் பட்டியல் நகலாகாது. இன்று புது டொமைன் சேர்த்தால் செகண்டரியிலும் போய், இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இதைத் தானாகச் செய்யத்தான் கேட்டலாக் ஜோன் என்று ஒன்று வந்தது, பைண்ட் 9.11 முதல் உண்டு, 2023-ல் ஆர்எஃப்சி 9432-ஆகத் தரமும் ஆகிவிட்டது. பவர்டிஎன்எஸ்ஸிலும் இதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது.

இன்னொரு பாணி, ஹோஸ்டிங் சர்வரை நிர்வகிக்கிற கண்ட்ரோல் பேனலின் கிளஸ்டர், அதாவது சர்வர்களைக் கோத்து வைப்பது. சிபேனல் என்ற பேனலை வைத்திருப்பவர்களுக்கு டிஎன்எஸ்ஒன்லி என்று இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது, அதை விபிஎஸ்ஸில் போட்டு ஹோஸ்டிங் சர்வரோடு இணைத்தால் புது டொமைன், திருத்தம், நீக்கம் எல்லாம் தானாகப் போய்விடும். ஹோஸ்டிங் சர்வர் பக்கம் சிங்க்ரனைஸ், நேம்சர்வர் பக்கம் ஸ்டாண்டலோன் என்று வையுங்கள், ஹோஸ்டிங் சர்வர்களை ஒன்றோடொன்று கோத்துவிடாதீர்கள்.

தானாகப் போகும் என்பதில்தான் விஷமும் இருக்கிறது. ஜவ்வரிசி மில் ஒன்றைப் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்றினேன். ஒரு வாரம் பார்த்தேன், நன்றாக ஓடியது, சரி என்று பழைய சர்வரில் இருந்த அக்கவுண்ட்டை அழித்தேன். பழைய சர்வர், இந்த டொமைன் இனி இல்லை என்று கிளஸ்டருக்குச் சொன்னது, கிளஸ்டர் மிகவும் பணிவாக எல்லா நேம்சர்வரிலிருந்தும் ஒரே நேரத்தில் அதைத் துடைத்துவிட்டது. அக்கவுண்ட்டை அழிக்கிற பக்கத்தில், டிஎன்எஸ் ஜோனை வைத்திரு என்று ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கிறது, அதைத் தொடாமல் தாண்டினால் இதுதான். எத்தனை நேம்சர்வர், எத்தனை நாட்டில் இருந்தாலும் தப்பான உத்தரவு எல்லா இடத்துக்கும் ஒரே வேகத்தில் போகும். அதனால் ஜோன் ஃபைல்களைத் தினமும் ராத்திரி வேறொரு இடத்துக்கு நகல் எடுத்து வைப்பது தனி வேலை, கிளஸ்டர் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.

எங்கே வைப்பது என்பதற்கு என் கணக்கு, எதெல்லாம் பொதுவாக இருக்கிறது என்று தேடுவது. இரண்டு ஐபியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் வேண்டாம், பெரும்பாலும் ஒரே வழியில்தான் இருக்கும். ஊர் வேறு, கம்பெனி ஒன்று என்றால் பாதிதான் நல்லது. கிரெடிட் கார்டு காலாவதியானால் இரண்டும் ஒரே ராத்திரியில் சஸ்பெண்ட் ஆகும், சிரிக்காதீர்கள், நடக்கிறது. நேம்சர்வர்களின் பெயர்கள் எல்லாமே ஒரே டொமைனுக்குக் கீழே இருந்தால், அந்த ஒரு டொமைனைப் புதுப்பிக்க மறந்த அன்று வாடிக்கையாளர் அத்தனை பேரும் காலி. அமேசானின் ரூட் 53 ஒவ்வொரு டொமைனுக்கும் நான்கு நேம்சர்வர் தரும், அவை டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க், டாட் கோ டாட் யுகே என்று நான்கு முடிவில் இருக்கும், அது அழகுக்காக வைத்ததில்லை. நம்மால் நான்கு முடியாது, ஒன்றை டாட் இன்னிலும் ஒன்றை டாட் நெட்டிலும் வைக்கலாம். எத்தனை வேண்டும் என்றால், ஆர்எஃப்சி 2182 பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்று என்கிறது, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஐந்தாறு வைத்துப் பெருமைப்படுகிறவர்கள் அவ்வளவையும் ஒரே விலைப் பட்டியலில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

க்ளூ ரெக்கார்டையும் மறக்காதீர்கள். உங்கள் டொமைனுக்கு நேம்சர்வர் அந்த டொமைனுக்குள்ளேயே இருந்தால், வீட்டு விலாசத்தை எழுதி வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த மாதிரி. அதனால் மேலே டாட் காம், டாட் இன் போன்ற முடிவுகளை நடத்துகிற ரெஜிஸ்ட்ரி அந்த ஐபியைத் தன்னிடமும் எழுதி வைத்துக்கொள்கிறது, அதுதான் க்ளூ. நேம்சர்வரை வேறு ஐபிக்கு மாற்றும்போது உங்கள் ஜோனில் மாற்றிவிட்டு ரெஜிஸ்ட்ராரில் மாற்றாமல் விட்டால் உலகம் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். டாட் காமில் அந்தத் தகவலின் டிடிஎல், அதாவது ரிசால்வர்கள் ஒரு பதிலைக் கேஷில் வைத்திருக்கலாம் என்கிற நேரம், 172800 விநாடி, இரண்டு நாள். பழைய ஐபியை உடனே விட்டுவிடாமல் ஒரு வாரமாவது இரண்டிலும் ஓட்டுங்கள்.

இவ்வளவு செய்தாலும் வெப்சைட் இருக்கிற சர்வர் விழுந்தால் வெப்சைட் விழத்தான் செய்யும், நேம்சர்வர் மூன்றும் கம்பீரமாகப் பூட்டிய கடைக்கு வழி சொல்லும். ஆனால் மெயில் போகும். டிடிஎல்லை 300-ல் வைத்திருந்தால் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்களை வேறு சர்வருக்குத் திருப்பலாம். 86400 என்று ஒரு நாளுக்கு வைத்திருந்தால் அது முடியாது, பதிலுக்கு நேம்சர்வரே ஒரு மணி நேரம் விழுந்தாலும் கேஷில் வைத்திருக்கும் ரிசால்வர்கள் புண்ணியத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. எனக்கு 3600 பழகிவிட்டது. சர்வர் மாற்றுவதற்கு முந்தின நாள் 300-க்கு இறக்கிக்கொள்வேன்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு என்எஸ்1-ஐ நானே நிறுத்தினேன். கீழே இறங்கிப் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வந்தேன், போன் அடிக்கவில்லை. மேலே வந்து எல்லா டொமைனையும் ஒவ்வொன்றாகக் கேட்கிற சின்ன ஸ்கிரிப்டை ஓட்டினால், ஒன்றே ஒன்று மட்டும் பதில் இல்லை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடை. ரெஜிஸ்ட்ரி என்ன சொல்கிறது என்று பார்த்தேன்: என்எஸ்1 எங்களுடையது, இரண்டாவது அவர் மூன்று வருடம் முன்னால் வைத்திருந்த பழைய ஹோஸ்டிங்காரருடையது. அந்தச் சர்வர் இந்த டொமைன் எனக்குத் தெரியாது என்று மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, ரிசால்வர்களும் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் எங்கள் பக்கம் வந்திருக்கின்றன, மூன்று வருடமாக யாருக்கும் தெரியவில்லை. உடனே என்எஸ்1-ஐ ஆன் பண்ணிவிட்டு, காலையில் அவருக்குப் போன் போட்டு ரெஜிஸ்ட்ரார் லாகின் கேட்டேன். “அது எங்க மச்சினன்கிட்ட இருக்குங்க, அவன் திருப்பூர்ல இருக்கான், தீபாவளிக்கு வருவான்” என்றார்.